கொழுந்துத் தராசில் தொங்கிய சத்துமா

எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இப்போது வேலை செய்யும் மூன்று பெண்கள் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றவளுக்கு அதில் என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் பூப்படம் வரும். மத்தியானம் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து வரும். போன மாதம் ஒரு அட்டவணை வந்து விழுந்தது. ஓரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நடுவில் கொட்டை எழுத்தில் "1 கப் = 200 கிராம்". எதற்கு இருநூறு? அரிசிக்கா, மாவுக்கா, பால்மாவுக்கா, சீனிக்கா? அந்தக் கவலையெல்லாம் அவனுக்கு இல்லை. கப் என்றால் இருநூறு, அவ்வளவுதான். கீழே பதினான்கு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள்.

நான் "பிழை" என்று ஒரே ஒரு சொல் போட்டேன். உடனே ஒருத்தி கேட்டாள்: "ஏன் ஸ்டெல்லாக்கா, எதைப் போட்டாலும் கப் ஒரே கப்தானே?"

அவளுக்குச் சொல்லும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி நாள் மலருக்கு ஊக்கமூட்டும் விதமாக ஏதாவது எழுதித் தரும்படியும் கேட்டிருந்தார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயந்தரம் வந்து தூக்கிக்கொண்டு போகிற இடம்தான் பிள்ளை மடுவம். அங்கே முப்பத்தொரு வருஷம் இருந்தேன். நான் சேர்ந்தபோது என் உத்தியோகத்தின் பேர் ஆயா. பிறகு பராமரிப்பாளர் ஆனேன். கடைசியில் சிறுவர் அபிவிருத்தி என்று தொடங்கி மூச்சு வாங்கி முடிக்கிற ஒரு பேர் வைத்தார்கள். பேர் நீண்டுகொண்டே போனது. அடுப்பு அதே புகையடுப்பு.

பயிற்சி என்று ஹட்டனில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். பத்துப் பாட்டு, காகிதப் பூ, பொம்மலாட்டம். கை கழுவுவதைப் பற்றி ஒரு முழு நாள் வகுப்பு. அந்த மண்டபத்துக் குழாயில் அந்த இரண்டு வாரமும் தண்ணீர் வரவில்லை. அளப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பார்கள்.

மடுவத்தில் அளவு என்றால் சுண்டு என்கிற அரிசி அளக்கும் கோப்பையும் வெறும் பால் டின்னும்தான். சுண்டில் அரிசி, டின்னில் பயறு, கரண்டியில் உப்பு. கஞ்சியைக் கிண்டும்போது அகப்பை எவ்வளவு கனக்கிறது என்று கைக்குத் தெரியும். ஒரு தடவை ஸ்டோரில் கல்லுப்பு தீர்ந்துபோய் தூளுப்பு கொடுத்தார்கள். நான் வழக்கமான கரண்டியால் வழக்கமான அளவு போட்டேன். முதல் வாய் குடித்த பிள்ளை என் சேலையிலேயே துப்பியது. கல்லுப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. தூளுப்பில் அந்த இடமெல்லாம் உப்பு. அதே கரண்டி, ஆனால் உப்பு கூட. இதை ஒரு இரண்டு வயதுப் பிள்ளை எனக்குத் துப்பிக் காட்டியது. அப்போதே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திட்டம் வந்தது. எந்தத் திட்டம், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். வந்தது, படம் எடுத்தது, போனது. எங்கள் பயறுக் கஞ்சியை நிறுத்திவிட்டு, சோளமும் சோயாவும் பயறும் வறுத்து அரைத்த சத்துமாவைப் பத்துக் கிலோ மூட்டையாக அனுப்பினார்கள். மாவைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மாவு, நல்ல வாசனை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அறுபது கிராம் என்பது கட்டளை. மடுவத்தில் இருபது பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கிராம். மாதத்துக்கு மூன்று மூட்டை.

கிராமில் கொடுக்கச் சொன்னவர்கள் தராசு கொடுக்கவில்லை. ஒரு பச்சை பிளாஸ்டிக் கப்பும் ஒரு அட்டவணையும் கொடுத்தார்கள். கொண்டுவந்தவர் தோட்டத்து ஆட்களின் நலனைப் பார்க்கிற உத்தியோகத்தர், எங்கள் வெல்ஃபேர் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல சுத்தமான மனிதர். அவ்வளவு சுத்தம், எட்டு வருஷத்தில் மடுவத்து வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. கைக்குட்டையை மூக்கருகில் பிடித்தபடி வெளியே நின்றுதான் பேசுவார். எது கிடைத்தாலும் லேமினேட் செய்துவிடுவார். பிள்ளைகள் பல் துலக்குவது லேமினேட். கைப்பிள்ளையைத் தூக்குகிற விதம் லேமினேட். ஒரு காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் ஒட்டினால் அதில் இருப்பது உண்மையாகிவிடும் என்று நம்பினார். பல பெரிய உத்தியோகத்தர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள், இவரை மட்டும் சொல்லி என்ன.

அன்று கப்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இது ஸ்டாண்டர்ட் கப் ஸ்டெல்லா. ஒரு கப் இருநூறு கிராம். ஆறு கப் போட்டா ஆயிரத்து இருநூறு. இனிமே ஒங்க கைக்கணக்கு, கண்கணக்கு எல்லாம் வேணாம்" என்றார்.

ஆறு கப் போட்டேன். அகப்பை கனக்கவில்லை. கஞ்சி கோப்பையில் தண்ணீர் மாதிரி ஆடியது. மறுவாரம் அவர் வந்தபோது வாசலில் வைத்தே சொன்னேன்.

"ஐயா, கஞ்சி தண்ணியா இருக்குங்க."

"தண்ணியா இருந்தா பிள்ளைங்களுக்குக் குடிக்க லேசு."

"அளவு கொறையுதோன்னு பார்க்கிறேனுங்க."

"ஒங்க கண்ணு சரியா, கப் சரியா? இது சயன்ஸ் ஸ்டெல்லா."

என் கண் எட்டாம் வகுப்பு. கப் சயன்ஸ். மறுநாளும் ஆறு கப்பே போட்டேன்.

மாதக் கடைசியில் ஒரு முழு மூட்டை கட்டுப் பிரிக்காமல் மிஞ்சியது. இன்னொன்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைய. இதைக் கேட்டு யாராவது பதற வேண்டும், இல்லையா? பிள்ளைகளுக்குப் போக வேண்டிய மா பிள்ளைகளுக்குப் போகவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம். பதறவில்லை. பாராட்டினார்கள். மூன்றாம் மாதம் தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவுக்குக் கூப்பிட்டு, "உணவுப் பொருட்களைச் சிக்கனமாகக் கையாண்டமைக்காக" எனக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதை எழுதிய காகிதமும் லேமினேட். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பட்டம் வாங்கிய வாய்க்கு அது வராது.

மாதம் ஒரு தடவை மிட்வைஃப் மிஸ் மடுவத்துக்கு வந்து பிள்ளைகளை நிறுப்பார். கொத்மலைப் பக்கத்துச் சிங்கள மனுஷி. தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் இரண்டு பாஷையும் கலந்துவிடும். பையிலிருந்து தொங்கு தராசை எடுத்து உத்தரத்தில் மாட்டி, துணித் தொட்டியில் பிள்ளையை உட்கார வைத்து, முள் நிற்கும் வரைக்கும் பொறுமையாகப் பார்ப்பார். பிறகு பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு பச்சையில் ஏறினால் தாய்க்கு ஒரு சிரிப்பு. கீழே இறங்கினால் தாய்க்குக் கிடைப்பது வேறு.

திட்டம் வந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகளின் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. வீட்டில் ரொட்டியும் சோறும் நன்றாகத் தின்கிற பிள்ளைகள் தப்பித்தார்கள். செல்வியின் மகள் யாழினி தப்பவில்லை. இரண்டரை வயது. காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளை. கட்டிச் சாப்பாடு இறங்காது, மடுவத்துக் கஞ்சிதான் பெரிய சாப்பாடு. பத்துக் கிலோ அறுநூறு. அடுத்த மாதம் பத்து நானூறு. அதற்கடுத்து பத்து இருநூறு. நாலாம் மாதம் முள் சரியாகப் பத்தில் நின்றது.

"வீட்டுல என்ன குடுக்கிறது?" என்று மிஸ் கேட்டார்.

"இருக்கிறதெல்லாம் குடுக்கிறேன் மிஸ். ரொட்டி துப்புறா. சோறு கரைச்சுத்தான் குடுக்கிறேன்" என்றாள் செல்வி.

"இங்க அறுவது கிராம் சத்துமா குடுக்கிறாங்க. தினம் குடுக்கிறாங்க. சுவத்துல எழுதியிருக்கு. அப்ப எடை எங்க போறது? வீட்டுலதானே?"

செல்வி சுவரைப் பார்த்தாள். அட்டவணை பளபளவென்று இருந்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு தாய்மார் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி இருமினாள். இருமல் இல்லை அது, எல்லாருக்கும் தெரியும்.

மிஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வாசித்தார்: தாயின் கவனக்குறைவு. அடுத்த மாதமும் இறங்கினால் நுவரெலியா ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் இரண்டு வாரம் தங்க வேண்டும் என்றும் சொன்னார். செல்விக்கு வீட்டில் நடக்க முடியாத மாமனாரும், பள்ளிக்குப் போகிற இன்னொரு பிள்ளையும். புருஷன் கொழும்பில் வேலை. அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

பேசியது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. "வீட்டுலயும் கவனிக்கணும் செல்வி. மடுவத்துக் கஞ்சியை மட்டும் நம்பிக்கிட்டு இருந்தா எப்படி?" என்றேன்.

சிக்கனத்துக்குப் பட்டம் வாங்கியவள் சொல்கிறாள். கேட்க வேண்டியதுதானே.

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேர் சூசை. தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் கப்புல எதைப் போட்டு இருநூறுன்னு கண்டுபிடிச்சாங்க?" என்றார்.

"கப்புன்னா இருநூறாம்."

"ஓகோ. அப்ப கப்புல பஞ்சைப் போட்டாலும் இருநூறு?"

எழுந்து போய் இரண்டு வெறும் பால் டின்களை எடுத்து வந்தார். ஒன்றில் வீட்டுக்கு நாங்கள் குடிக்கிற டஸ்ட் தூளை நிரப்பினார். மற்றதில், யாரோ கொடுத்த பெரிய இலைத் தேயிலையை நிரப்பினார். இரண்டையும் என் இரண்டு கையில் வைத்தார். ஒரு கை இறங்கியது, ஒரு கை ஏறியது.

"இதுக்காகத்தான் ஃபெக்டரியில ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியா நிறுத்துப் பார்த்துத்தான் பெட்டி கட்டுறோம். வெள்ளைக்காரன் குடிக்கிற தேத்தண்ணிக்கு இவ்வளவு பார்க்கிறாங்க. ஒங்க மடுவத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு கப்பு, ஒரு கணக்கு. சரியாத்தான் இருக்கு. ஒனக்குப் பட்டம் குடுத்தது யாருன்னு சொன்னே?"

டின்களைக் கீழே வைத்தேன். உப்பைத் துப்பிய பிள்ளையின் ஞாபகம் வந்தது. இருநூறு என்பது அரிசிக்கு. யாரோ ஒருவன் கப்பில் அரிசி போட்டு நிறுத்து, அதோடு வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான். மா அரிசி மாதிரி இறுகிக் கிடக்காது, பொங்கி நிற்கும். அந்தப் பொங்கலைத்தான் நான் நாலு மாதமாகப் பிள்ளைகளுக்கு அளந்து ஊற்றியிருக்கிறேன்.

எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸின் தராசு அவரோடு போய்விட்டது, அடுத்த மாதம்தான் வரும். டவுன் கடைக்குப் போவதென்றால் அடுத்த ஞாயிறு. மடுவத்திலிருந்து ஐம்பது எட்டு வைக்கிற தூரத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை இருக்கிறது. அங்கே வட்ட முகத் தராசு ஒன்று தொங்கும். அது அரைக் கிலோவுக்குக் கீழே காட்டாது. ஒரு கப் மாவைத் தொங்கவிட்டால் முள் அசையாது. அதனால் திங்கட்கிழமை பிள்ளைகளைத் தூங்க வைத்து, மடுவத்தில் கூட வேலை செய்கிறவளைக் காவலுக்கு வைத்துவிட்டு, மாவைச் சலித்து, கரண்டியால் அள்ளிக் கப்பில் போட்டு, ரூல்தடியால் தலையை வழித்து, எண்ணி நாற்பது கப் ஒரு மெல்லிய பையில் கட்டினேன். நாற்பதையும் சேர்த்து நிறுத்து நாற்பதால் பிரித்தால் ஒன்று தெரிந்துவிடும். கூடவே கட்டுப் பிரிக்காத ஒரு பத்துக் கிலோ மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு அட்டவணையை நம்பிக் கெட்ட பிறகு ஒரு தராசை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

மத்தியான நிறுவை நடந்துகொண்டிருந்தது. தராசடியில் கணக்கப்பிள்ளை ராமையா. வரிசையில் செல்வியும் கொழுந்துச் சாக்கோடு நின்றாள்.

"என்ன ஆயாம்மா, நீங்களும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனீங்களா?"

"இதைக் கொஞ்சம் நிறுத்துக் குடுங்க அண்ணே."

"இது கம்பெனித் தராசு. இதுல கொழுந்து மட்டும்தான் தொங்கலாம்."

"போன தீபாவளிக்கு இதுலதான் ஆட்டைத் தொங்கவிட்டீங்க. அது எந்த மலையில எடுத்த கொழுந்து?"

வரிசை சிரித்தது. ராமையா பையை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது. உடம்பால் தராசின் முகத்தை மறைத்தபடி நிற்பது அவருடைய பழக்கம்.

"மூணரை" என்றார்.

கையில் எழுதிக் கணக்குப் போட்டேன். ஒரு கப் எண்பத்தேழு கிராம்தான் வந்தது. பாதிகூட இல்லையே. "இதையும் மாட்டுங்க" என்று மூட்டையைக் கொடுத்தேன்.

மாட்டினார். "ஒம்பது."

மூட்டையின் வயிற்றில் சிவப்பு எழுத்தில் பத்துக் கிலோ என்று அச்சடித்திருக்கிறது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது தெரிகிறது. ராமையாவுக்கு மட்டும் தெரியவில்லை, அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்விதான் கேட்டாள். "அண்ணே, மாவுல எவ்வளவு தண்ணி?"

"என்னது?"

"எங்க கொழுந்துல தண்ணி இருக்குன்னு கழிக்கிறீங்க. அந்த மூட்டைக்கு மழை எங்க பெஞ்சுச்சு?"

"சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சேன். கை பழக்கம்" என்றார் ராமையா. பாவம், பொய்கூட இல்லை அது. அந்த மனிதர் பல வருஷமாக எது தொங்கினாலும் ஒரு கிலோ கழித்தே சொல்லிச் சொல்லி, முள் காட்டுவது அவர் கண்ணில் படுவதே இல்லை. ஆட்டுக்கும் கழித்திருப்பார்.

"ஒரு வெறுஞ்சாக்கை மாட்டுங்க அண்ணே, ஒரு கிலோ இருக்கான்னு பாப்போம்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "கொஞ்சம் தள்ளி நின்னு மாட்டுங்க" என்றாள் இன்னொருத்தி. அன்று மத்தியானம் அந்தக் கொட்டகையில் நடந்ததை எழுதினால் மலர் பத்தாது. அது அவர்கள் கதை. நான் மறுபடி நாற்பது கப் பையை மாட்டச் சொல்லி, நானே முள்ளைப் பார்த்தேன். நாலரை. பையின் கனம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு கப் நூற்றுப் பன்னிரண்டு கிராம். ஆறு கப்பில் அறுநூற்றெழுபது சொச்சம். ஒரு பிள்ளைக்கு அறுபதுக்குப் பதில் முப்பத்துமூன்று.

"எதுக்கு அக்கா மாவை நிறுக்கிறீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"சும்மா. ஒரு கணக்குப் பார்க்க" என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. முதலில் சரியாகத் தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம்.

மறுநாளிலிருந்து பதினொரு கப். அதிலும் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பை மேசையில் மூன்று தட்டுத் தட்டினால் மா உள்ளே இறங்கி, இன்னும் ஒரு கைப்பிடி பிடிக்கும். மூட்டையின் அடியில் இருக்கிற மா அமுங்கியே வரும். அதனால் சலிக்காமல் அளக்கக் கூடாது, தட்டக் கூடாது, கப்பையே மூட்டைக்குள் விட்டு அமுக்கி அள்ளக் கூடாது. கரண்டியால் போட்டுத் தலையை வழிக்க வேண்டும், தினமும் ஒரே மாதிரி. நேற்றுத் தட்டி இன்றைக்குத் தட்டாமல் விட்டால் உங்கள் கப் நேற்று ஒரு கப், இன்றைக்கு வேறு கப். அடுத்த ஞாயிறு டவுன் கடையில் அதே கப்பில் அரிசி, சீனி, பால்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்து, அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். அரிசி இருநூறு. சீனி அதற்குக் கொஞ்சம் மேலே. பால்மா மாவைப் போலத்தான், அதுவும் எந்தப் பால்மா என்பதைப் பொறுத்து. புது மூட்டை வந்தால் மறுபடி நிறுக்க வேண்டும், ஏனென்றால் அரைக்கிறவன் நைசாக அரைத்தால் எடை மாறும். சுவரில் லேமினேட் அட்டவணை அப்படியே தொங்கியது. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெல்ஃபேர் ஐயாவின் ஒஃபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தச் சார்ட் கொழும்பிலேருந்து வந்தது" என்றார்.

"கொழும்புல இந்தக் கப்புல இந்த மாவைப் போட்டு நிறுத்தாங்களாங்க?"

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "சரி. நீங்க பதினொண்ணே போடுங்க. ஆனா ரிப்போர்ட்டுல ஆறுன்னே எழுதுங்க. சார்ட்டும் ரிப்போர்ட்டும் ஒத்துப் போகணும்."

பிள்ளையும் ரிப்போர்ட்டும் ஒத்துப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் பதினொன்று என்றே எழுதினேன். மாதக் கடைசியில் வாசலில் நின்று, "இந்த மாசம் மிச்ச மூட்டை எங்க ஸ்டெல்லா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க வயித்துல இருக்குதுங்க. உள்ளே வந்து பாருங்க" என்றேன். வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மிட்வைஃப் மிஸ் வந்தார். அன்றைக்கு வெல்ஃபேர் ஐயாவும் வாசலில் நின்றார், அதிகாரிகள் யாரோ வருவதாக இருந்தது, வரவில்லை. தாய்மார் வரிசையாக நின்றார்கள். செல்வி பிள்ளையைத் தொட்டியில் உட்கார வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு பை செருகியிருந்தாள். இறங்கியிருந்தால் அப்படியே நுவரெலியா பஸ் ஏறத் தயாராக, இரண்டு உடுப்பு எடுத்து வந்திருக்கிறாள்.

முள் பத்து அறுநூறில் நின்றது.

மிஸ் கோடு இழுத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அன்னைக்கு ஏசினதால இப்ப அம்மா ஒழுங்கா குடுக்கிறாங்க. இப்படி இருக்கணும்."

செல்வி பிள்ளையைத் தொட்டியிலிருந்து தூக்கினாள். அவள் இந்த மாதம் புதிதாக எதையும் கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் ஏறியது என்பதுதான் தெரியாது. மிஸ் புத்தகத்தில் எழுதப் போனார். தாயின் கவனத்தில் முன்னேற்றம் என்றுதான் எழுதுவார். அதையும் எழுத விட்டுவிட்டால் போன மாதம் எழுதியது உண்மையாகவே ஆகிவிடும்.

"எழுதாதீங்க மிஸ்" என்றேன். "அவ மேல பிழை இல்ல. இங்கதான் பிழை. கப் பிழை. நாலு மாசமா பிள்ளைங்களுக்குப் பாதிக் கஞ்சிதான் குடுத்திருக்கேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, மா, நாற்பது கப், கொழுந்துத் தராசு. மிஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். சுவரில் இருந்த அட்டவணையை எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, பேனாவையும் யாழினியின் புத்தகத்தையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வாயால சொன்னா போதும் ஸ்டெல்லா, எழுத்து எதுக்கு?" என்றார் வாசலில் நின்ற ஐயா.

"அவ பிழையை எழுதித்தானேங்க வெச்சிருக்கு" என்றேன்.

தாயின் கவனக்குறைவு என்ற வரிக்குக் கீழே எழுதினேன். தாய் மேல் பிழை இல்லை. மடுவத்தில் நாலு மாதம் அளவு குறைத்துக் கஞ்சி கொடுத்தோம். பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒஃபீசிலிருந்து கடிதம் வந்தது, ஆறு மாதம் சமையலிலிருந்து தள்ளி வைத்துத் தொட்டில் துணி துவைக்க விட்டார்கள், அதெல்லாம் பிறகு. இப்போது புத்தகத்தைச் செல்வியிடம் நீட்டினேன்.

எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுத்தை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தாள். வாசித்து முடித்துப் புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சத்தமா வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அன்று இருமியவள் கடைசியில் கதவோரம் நின்றாள்.

"அங்க நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தரம் வாசிங்க."

நான் எழுந்து நின்று, வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி முதலிலிருந்து வாசித்தேன்.